விமானிக்கு நிரந்தர விலாசம் எது?

1

பங்குனி மாதம் வந்தால் எங்கள் விமானிகளின் ஓய்வறையில் காற்றையும் மழையையும் பற்றிய கதை குறைந்து, நாட்களைப் பற்றிய கதை கூடிவிடும். ஆளுக்கொரு சின்ன நாட்குறிப்பை வைத்துக்கொண்டு, இந்த வருடம் எந்த நாட்டில் எத்தனை நாள் படுத்து எழும்பினோம் என்று எண்ணுவார்கள். நாங்கள் வேலை செய்யும் இந்த வளைகுடா நாட்டில் சம்பளத்துக்கு வரி கிடையாது. அதை நம்பித்தான் இத்தனை நாட்டுக்காரரும் இங்கே வந்து குவிந்திருக்கிறோம். ஆனால் அவரவர் சொந்த நாட்டு வரிக் கந்தோர்கள் அவ்வளவு இலேசில் கைவிடுவதில்லை. 'நீ இன்னும் எங்கள் நாட்டில்தான் வசிக்கிறாய்' என்று அவர்கள் தீர்மானித்துவிட்டால், பாலைவனத்தில் உழைத்த காசுக்கு அங்கே வரி கட்ட வேண்டும்.

இங்கிலாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். நாள் கணக்கு முட்டிவிட்டது என்று, மனைவியைப் பார்க்கப் போனவர் வீட்டுக்குப் போகாமல் பக்கத்து நாட்டு விடுதியில் இரண்டு நாள் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். கடலுக்கு மேலே பறக்கும்போது நாள் மாறினால் அந்த நாள் யாருக்குச் சேரும் என்று கராச்சிக்காரர் ஒருவர் கேட்டார். 

போன கிழமை இந்தக் கவலைகளைத் தீர்த்துவைக்க ஒரு வரி ஆலோசகர் வந்தார். ஒரு விடுதி மண்டபத்தில் எங்களை இருத்திவைத்து விளக்கம் சொன்னார். நாட்களை மட்டும் எண்ணினால் போதாது, உங்கள் வீடு எது என்று பார்ப்பார்கள், மனைவி எங்கே, தளபாடம் எங்கே, உங்கள் நாய் எந்த நாட்டில் இருக்கிறது என்று எல்லாம் கேட்பார்கள் என்றார். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை இந்தக் கேள்வி ஏழு வருடத்துக்கு முன்பே பிடித்து உலுப்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து ராஜலெட்சுமியிடம் சொன்னேன். குசினியில் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டு நின்றவள், "நமக்கு நாயே இல்லீங்களே" என்றாள். ஒன்பது வயது மகள் சுகன்யா மேசையில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா, அப்ப நாங்க எங்க லிவ் பண்ணுறோம்?" என்று கேட்டாள். தமிழில் கேள் என்று தாய் அதட்டினாள். அவள் தமிழில்தான் கேட்டதாகச் சாதித்தாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு, சம்பளம் வாங்குகிறவனுக்கு வரியும் ஒரு கவலையா என்று தோன்றும். தோன்றட்டும். நான் சொல்லப் போவது வரியில் தொடங்கினாலும் வரியோடு நிற்கிற கதை அல்ல.

2

எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்தில் சேரும் நாளிலிருந்தே எந்தப் படிவத்திலும் இரண்டு விலாசம் கேட்பார்கள். ஒன்று தற்போதைய விலாசம். மற்றது நிரந்தர விலாசம். தற்போதைய விலாசம் விடுதியாக இருக்கலாம், வாடகை அறையாக இருக்கலாம், நாளைக்கு மாறலாம். நிரந்தர விலாசம் என்றால் தாய் தகப்பன் இருக்கிற வீடு. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தர வேண்டிய தேவையும் இல்லை.

நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். விமானம் ஓட்டப் படித்தபோது எழுதினேன். வளைகுடா வேலைக்கு ஒப்பந்தம் வைத்தபோது எழுதினேன். ஒவ்வொரு வருட விடுமுறைக்கும் கொழும்பில் வந்து இறங்கும்போது நீட்டுகிற அட்டையிலும் எழுதினேன். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் இரண்டு தரம் யோசிக்கிறவன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்ததே இல்லை. நிரந்தர விலாசம்: முள்ளியவளை.

ஒரு விமானி செய்யக்கூடிய பிழைகளில் இது சேருமா என்று தெரியவில்லை. பறக்கிற பிழை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். இது மூன்று வருடம் கழித்து, 1982இல், கடித உறையில் வந்தது.

கொழும்பு வரிக் கந்தோர் அந்தக் கடிதத்தை நான் எழுதிய நிரந்தர விலாசத்துக்கே அனுப்பியிருந்தது. ஒப்பந்தம் வைத்த நாளிலிருந்து மூன்று வருடச் சம்பளத்தையும் அறிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். அம்மா அதைப் பிரிக்காமல், பெரிய உறை ஒன்றுக்குள் வைத்து எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு துண்டு. "தம்பி, அரசாங்கக் கடிதம். என்னெண்டு பார். நான் சுகம்."

அம்மாவின் பெயர் தங்கம்மா. ஐயா, என் தகப்பன், 1978இல் காலமான பிறகு, வயலையும் தோட்டத்தையும் தனியாகப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஒரே பிள்ளை. அவரது கடிதங்கள் எல்லாம் இந்த நீளம்தான். நீ சுகமா, நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா என்று ஒரு கடிதத்திலும் அவர் கேட்டதில்லை. எனக்கு அப்போது மனைவியும் இரண்டு வயதுப் பிள்ளையும் இருந்தார்கள்.

3

விடுமுறை எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக வந்தோம். ராஜலெட்சுமியையும் பிள்ளையையும் கனகராயன்குளத்தில் அவளுடைய தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் கொழும்பில் வரிக் கந்தோருக்குப் போனேன்.

என்னை விசாரித்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு சிங்கள அம்மா. இருக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் கோப்பைத் திறந்தார். உள்ளே மூன்று அட்டைகள். மூன்றும் நான் விமான நிலையத்தில் நிரப்பியவை. இது உங்கள் கையெழுத்துத்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்றேன்.

"நீங்கள் இங்கே தங்குகிற நாட்கள் குறைவுதான். ஆனால் ஒரு வருடம் முழுதாக நீங்கள் வெளியே நிற்கவில்லை. தவறாமல் வீட்டுக்கு வந்து போகிறீர்கள். நிரந்தர வீடு இது என்று நீங்களே எழுதியும் தந்திருக்கிறீர்கள். நான் கோப்பை நம்புவதா, உங்களை நம்புவதா?"

நான் சட்டம் படித்தவன் அல்ல. அவர் சொன்னதில் விளங்கியதை எழுதுகிறேன். அந்த வீட்டில் நான் வசிப்பதில்லை என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, வீடு வீடாகப் பெயர் பதியும் அவருடைய குடும்ப இடாப்பிலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டதற்கு அத்தாட்சியும் கொண்டுவந்தால், என் பக்கத்தில் யோசிக்க இடம் உண்டு. அதற்கு இன்னும் பதினெட்டு நாள் அவகாசம். தவறினால் மூன்று வருடத்துக்கும் வரி.

மூன்று வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாங்கள் ஒரு காரியம் நினைத்து வைத்திருந்தோம். வவுனியாவில் ராஜலெட்சுமியின் பெயரில் ஒரு சின்ன வீடு. விலையும் பேசியாயிற்று. விடுமுறைக்கு வந்தால் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் தங்க ஒரு கூரை இந்த நாட்டில் இல்லை என்பதுதான் காரணம். வரி கட்டினால் அந்த வீடு இல்லை. கந்தோர்ப் படிகளில் இறங்கும்போது எனக்கு என்மீதே எரிச்சல் வந்தது. ஒரு வரியை ஒழுங்காக எழுதத் தெரியாதவனை நம்பி முந்நூறு பேர் விமானத்தில் ஏறுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

4

ஏன் கூரை இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

ராஜலெட்சுமியின் தகப்பன் முத்துக்கருப்பன் மாத்தளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து மூட்டை சுமந்தவர். 1977 கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பைக் கொளுத்தியபோது, பிரஜாவுரிமைக் கடதாசியை மடியில் கட்டிக்கொண்டு, மனைவி பிள்ளையோடு வன்னியில் கனகராயன்குளத்துக்கு ஓடிவந்தார். அப்போது நான் உள்நாட்டு விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, வந்தவர்களுக்கு அரிசியும் உடுப்பும் கொடுக்க நண்பர்களோடு போனேன். கொடுத்ததைக் குறித்துவைக்க எழுத்துத் தெரிந்த ஒருவரைத் தேடினோம். ராஜலெட்சுமி எழுந்து வந்தாள். அந்த மாதத்தில் நான் தேவைக்கு அதிகமாகவே அரிசி மூட்டைகளோடு கனகராயன்குளத்துக்குப் போய் வந்தேன். நண்பர்கள் இதைச் சொல்லி இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள்.

1979இல் ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்டினேன். அம்மா வரவில்லை. "தோட்டக்காட்டுப் பெட்டையைக் கட்டினா எனக்கு மகன் இல்லை" என்று சொல்லிவிட்டார். எழுதவே கை கூசுகிறது. ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டில்தான் சொல்லப்பட்டது. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் நான் மட்டும் தனியாகப் போனபோது, ஒன்றும் நடக்காததுபோல் சோறு போட்டார். நானும் சாப்பிட்டேன். அதன் பிறகு வருடா வருடம் அப்படியே நடந்தது. நான் முள்ளியவளைக்கு. அவள் கனகராயன்குளத்துக்கு.

கொழும்பிலிருந்து ரயிலில் வவுனியா வந்து, பஸ் பிடித்துக் கனகராயன்குளத்தில் இறங்கி நடந்தேன். மாமனார் காடு வெட்டித் திருத்திய துண்டில் கௌப்பியும் கச்சானும் போட்டிருந்தார். அரசாங்கப் பெர்மிட் இல்லாத காணி. பெர்மிட் இல்லாததால் வீட்டுக்கு இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாததால் இடாப்பில் பெயர் இல்லை. அந்த வரிசையில் இருந்த நாற்பது குடிசைகளுக்கும் இதே கதைதான்.

வரிக் கடிதத்தின் கதையை நான் சொல்லச் சொல்ல அவர் கவனமாகக் கேட்டார். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்போ, நீங்க எங்க ஆளுதான், விட மாட்டோமுன்னு கவருமெண்டு அடம் புடிக்குது. நீங்க இல்லேங்குறீங்க. அப்படித்தானே மாப்பிள்ள?"

"அப்படித்தான் மாமா."

"இந்த நாட்டுல பொறந்து அம்பத்தஞ்சு வருஷமாச்சு. எங்கள ஒருத்தரும் அப்புடிக் கேட்டதில்லையே."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

5

முள்ளியவளையில் எங்கள் பகுதிக் கிராம சேவகரை ஊரில் எல்லாரும் பழைய வழக்கத்தில் விதானையார் என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவின் சிநேகிதர். மிகவும் நல்ல மனிதர். நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கடிதத் தாளை எடுத்து எழுதி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து நீட்டினார்.

வாசித்தேன். மேற்படி குலசேகரம் என்பவர் என் பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர் என்றும், அவரைப் பல வருடங்களாக நேரில் அறிவேன் என்றும், அவர் நன்னடத்தையுள்ளவர் என்றும் இருந்தது.

"அண்ணை, நான் இஞ்ச இல்லை எண்டெல்லோ எழுதச் சொன்னனான்."

"இல்லாத ஆளுக்கு நான் என்னெண்டு தம்பி கடிதம் குடுக்கிறது? என்ரை பிரிவில இருக்கிற ஆக்களுக்குத்தான் கடிதம் குடுக்கலாம்."

நான் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். அவரும் ஆறுதலாகக் கேட்டார். பிறகு, வேண்டுமானால் நன்னடத்தை என்பதை மிகுந்த நன்னடத்தை என்று மாற்றித் தரலாம் என்றார். தம்பியைப்போல நினைக்கிற ஒருவனைப் பற்றி 'இவர் இங்கே இல்லை' என்று எழுத அந்த மனிதருக்குக் கை வரவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"ஒண்டு செய்யலாம். இடாப்பில பேரை வெட்டினா, வெட்டினது எண்டு ஒரு கடிதம் தரலாம். அதுக்கு வீட்டுத் தலைவர் கையெழுத்து வைக்கோணும்."

"ஆர் வீட்டுத் தலைவர்?"

"இப்ப உங்கட அம்மாதானே."

அவர் இடாப்பைத் திறந்து எங்கள் வீட்டுப் பக்கத்தைக் காட்டினார். மேலே ஐயாவின் பெயர், அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அடுத்தது அம்மா. அதன் கீழே நான்: குலசேகரம், மகன், விவாகமாகாதவர்.

"அண்ணை, எனக்குக் கலியாணம் முடிஞ்சு மூண்டு வருஷம். பிள்ளையும் இருக்கு."

"தெரியும் தம்பி. ஊருக்கே தெரியும்." அவர் இடாப்பை மூடினார். "வீட்டுக்காரர் வந்து சொல்லாமல் நான் என்னெண்டு எழுதுறது?"

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுகன்யா வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி இரண்டு சொல் வாசித்துவிட்டு, கை வலிக்கும் எழுத்து என்று சொல்லிப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு கேள்விக்கு மூன்று 'ஆம்' உண்டு. என்னிடம் 'ஓம்', தாயிடம் 'ஆமா', பள்ளிக்கூடத்தில் 'யெஸ்'. கோபம் வந்தால் மூன்றாவதுதான் வரும். ஊருக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போது எங்கே கூட்டிப்போவது? யுத்தத்தால் கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகிறது. பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நான் உலகத்தின் பாதி விமான நிலையங்களில் இறங்குகிறேன். என் வீட்டுக்குப் போகிற அந்தக் கடைசி எழுபது மைலைத்தான் கடக்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, துக்கமாகவும் இருக்கிறது.

சரி, அம்மாவிடம் வருகிறேன்.

7

மத்தியானம் சாப்பாட்டுக்கு இருந்தபோது கேட்டேன். அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

"பேர் வெட்டவோ?"

"ஓம் அம்மா. ஒரு கடதாசிக்காகத்தான்."

"உன்ரை கொப்பரின்ரை பேரை வெட்டேக்க நான் பக்கத்தில நிண்டனான். சிவப்பு மை. அடிமட்டம் வைச்சுக் கோடு இழுத்தவர். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் அதைச் செய்விக்கமாட்டன்."

நாலு நாள் கேட்டேன். நாலு நாளும் இதே பதில். எனக்கு நாட்கள் குறைந்துகொண்டு போயின. கொழும்புக் கந்தோர், வவுனியா வீடு, ராஜலெட்சுமி மூன்று வருடமாக ஒன்றும் கேட்காமல் இருப்பது, எல்லாம் சேர்ந்து ஐந்தாம் நாள் என் வாயில் வந்தது.

"நீங்கள்தானே எனக்கு மகன் இல்லை எண்டு சொன்னனீங்கள். இல்லாத மகன்ரை பேரை வெட்டுறதுக்கு என்ன?"

அம்மா எழுந்தார். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாழைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏற்கெனவே காலையில் ஊற்றிய வாழைகள்தான். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அம்மாவின் பிடிவாதத்தில் பாதியாவது எனக்கும் வந்திருக்கிறது.

அன்று பின்னேரம் அவர் எள்ளுருண்டை பிடித்தார். ஒவ்வொரு வருடமும் நான் புறப்படும்போது கட்டித் தருவது. ஒரு பெரிய தகர ரின் நிறைய. ஒருவனால் அவ்வளவும் சாப்பிட முடியாது என்று நான் ஒருமுறை சொன்னபோது, "அங்க ஆருக்கும் குடன்" என்றிருந்தார். ஆருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்களை எல்லாம் இப்படித்தான் கதைக்காமல் விட்டுவிடுவோம்.

அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் தேத்தண்ணி தந்துவிட்டு, "விதானையாரை வரச்சொல்லு" என்றார்.

அவர் இடாப்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கறுப்புப் பேனை ஒன்றையும் சிவப்புப் பேனை ஒன்றையும் மேசையில் வைத்தார். அம்மா சிவப்புப் பேனையைப் பார்த்தார்.

"காரணம் ஒண்டு போடோணும் தங்கம்மாக்கா. மரணம், விவாகம், வெளியேற்றம். மூண்டில ஒண்டு." மரணம் என்பதை அவர் விழுங்கிவிட்டுத்தான் சொன்னார். "நாங்கள் வெளியேற்றம் எண்டு போடுவம்."

"ஆர் வெளியேத்தினது?"

"அப்படியில்லை அக்கா. அது ஒரு சொல்லு. வெளியில போனவர் எண்டு கருத்து."

"வெளியேற்றம் எண்டா வெளியேத்தினது எண்டுதானே கருத்து. நான் அவனை…"

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. 'வெளியேத்தேல்ல' என்றுதான் சொல்ல வந்திருப்பார். சொன்னால் பொய் என்று அவருக்குத் தெரியும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். விதானையார் பேனை மூடியைத் திருகித் திருகிப் பூட்டினார்.

"விவாகம் எண்டு போடுங்கோ" என்றார் அம்மா.

 விதானையார் என்னை நிமிர்ந்து பார்க்காமல் கறுப்புப் பேனையை எடுத்தார். "நல்லது அக்கா. அப்ப தம்பியின்ரை பேர் பெண்சாதி வீட்டுக்கு மாறும். அந்த வீட்டு இலக்கம் என்ன?"

"அவைக்கு இலக்கம் இல்லை" என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன் அம்மா சொன்னார்:

"அதுகளுக்கு இலக்கம் இல்லை. கனகராயன்குளத்தில காடு வெட்டின காணி. பெர்மிட் குடுக்கேல்ல."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இலக்கம் இல்லாத வீட்டுக்கு மாத்தேலாதே அக்கா. வெட்டினா ஒரு இடத்தில ஏத்தோணும். இல்லாட்டி என்ரை இடாப்பு பிழைச்சுப் போகும்."

"இலக்கம் இல்லாட்டி, அதுகளின்ரை பேர் எங்க கிடக்குது?"

"ஒரு இடத்திலயும் இல்லை."

"பிள்ளையின்ரை?"

"பிள்ளையின்ரையும்தான்."

அம்மா எழுந்து நின்றார். "அப்ப வெட்டாதையுங்கோ. இந்த வீட்டுக்கு இலக்கம் இருக்குத்தானே. இதில எழுதுங்கோ. ரெண்டு பேரையும் எழுதுங்கோ."

விதானையார் என்னைப் பார்த்தார். "தம்பி, கந்தோர் கேட்டது வேற மாதிரியெல்லோ? இப்படி எழுதினா உங்கட காரியம்…"

காரியம் கெட்டுவிடும் என்று எனக்கும் தெரியும். குடும்பத்தோடு நிரந்தரமாக வசிப்பவன் என்று அரசாங்கப் புத்தகமே சொல்லப் போகிறது. அம்மாவுக்கு அது விளங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கனகராயன்குளத்தில் போய் இறங்குவது?

"எழுதுங்கோ அண்ணை" என்றேன்.

"மருமகளின்ரை பேர்?"

அவர் என்னிடம்தான் கேட்டார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "முத்துக்கருப்பன் ராஜலெட்சுமி. பிள்ளை சுகன்யா. ஆனியில பிறந்தது."

மூன்று வருடத்தில் அம்மாவின் வாயில் அந்தப் பெயர்களை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதிப் பழகினவர்போல் பிசகில்லாமல் சொன்னார். விதானையார் 'விவாகமாகாதவர்' என்பதில் முதல் சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தைக் கறுப்பு மையால் அடித்தார். எனக்குப் பிறகு இரண்டு பெயர் எழுதினார். அம்மா குனிந்து, தன் கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக வைத்தார்.

8

நாள் நெருங்கிவிட்டதால் நெடுங்கேணிப் பாதை பஸ்ஸில் நேரே வவுனியா போய்க் கொழும்பு ரயில் பிடித்தேன். அந்தச் சிங்கள அம்மா இடாப்பின் பிரதியை மொழிபெயர்ப்பித்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு பெயரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். நீங்கள் இரண்டு பெயரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்."

நடந்ததைச் சொன்னேன். சொல்லக் கூடாது என்றுதான் போனேன், எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் கோப்பை மூடினார். பிறகு, தான் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றும், தவணை முறையில் கட்ட ஒழுங்கு செய்து தரலாம் என்றும் சொன்னார். கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஓய்வறையில் இந்தக் கதையைச் சொன்னபோது, இப்படி ஒரு முட்டாளைப் பார்த்ததில்லை என்றார் இங்கிலாந்துக்காரர். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கையில் இருந்த மற்றப் பிரதியோடு கனகராயன்குளத்துக்குத் திரும்பினேன். ராஜலெட்சுமி அதை இரண்டு தரம் வாசித்தாள். உறவுமுறை என்ற நிரலில் 'மருமகள்' என்று இருந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"யாருங்க சொல்லி எழுதினாங்க?"

"அம்மா."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "வவுனியா வீடு?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "அது கெடக்கட்டும். நாளைக்கு முள்ளியவளைக்குப் போற மொதல் பஸ்ஸுக்குப் பிள்ளைய கெளப்புறேன்."

மாமனாருக்கு வாசிக்கத் தெரியாது. கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கடதாசியை வாங்கினார். மகளின் பெயர் எந்த வரி என்று கேட்டார். காட்டினேன். அந்த வரியில் விரலை வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மெதுவாகக் கொண்டுபோனார். பேத்தியின் வரியையும் காட்டச் சொன்னார்.

"இத யாரும் அழிச்சிப்புட மாட்டாங்களே மாப்பிள்ள?"

"இல்லை மாமா," என்றேன். "அதுக்குத்தான் நான் வரி கட்டுறன்."